சோமாலியர்களோடு வேலை செய்யப் போகிறீர்களா? குலக் கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

மொகதிஷுவுக்கோ ஹர்கெய்சாவுக்கோ வேலைக்குப் போகிறவர்களுக்கும், நைரோபியின் ஈஸ்ட்லீ பகுதியில் சோமாலி வியாபாரிகளோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்களுக்கும் என்றாவது ஒருநாள் யாராவது குல மரப் படம் ஒன்றைக் காட்டுவார்கள். மேலே ஐந்து பெரிய பெயர்கள் இருக்கும், கீழே நூற்றுக்கணக்கான கிளைகள். சிலர் அதை அச்சடித்து மேசைக்குப் பக்கத்தில் ஒட்டியும் வைப்பார்கள். தயவுசெய்து ஒட்டாதீர்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் தன் பெயர் எங்கே இருக்கிறது, எவ்வளவு சின்ன எழுத்தில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்.

அந்தப் படத்தில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் யாருக்கு யார் உறவு என்பதோடு அது நின்றுவிடுகிறது. ஒருவன் தவறு செய்தால் அவனுக்காக யார் ஈடு கட்டுவார்கள், ஒருவனுக்கு அடி விழுந்தால் யார் வந்து நியாயம் கேட்பார்கள் என்பதுதான் அன்றாட வாழ்க்கையில் குலம். பாசம், பெருமை எல்லாம் அதற்கு அப்புறம். குல விசுவாசத்தை ஒரு ஜாமீன் ஏற்பாடாகப் பார்த்தால் சோமாலிய சமூகமும் அரசியலும் பாதிக்கு மேல் புரிந்துவிடும் என்பது என் கருத்து.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. நம் ஆட்கள் இதைக் கேட்டவுடன் சாதியோடு ஒப்பிடுவார்கள். பெரிய குலங்களுக்குள் தீட்டு, மேல் கீழ் என்ற படிநிலை கிடையாது. எல்லோரும் சுன்னி முஸ்லிம்கள், பெரும்பாலோர் பேசுவதும் ஒரே மொழி. மேய்ச்சல் குலங்களில் நெருங்கிய பங்காளி வீட்டில் பெண் எடுப்பதைத் தவிர்த்து வெளியே சம்பந்தம் தேடுவதுதான் பழைய வழக்கம். அப்படி எடுத்தால் வறட்சிக் காலத்தில் சம்பந்தி ஊரில் மேய்ச்சலுக்கு இடம் கிடைக்கும். சாதிக்கு நெருக்கமான ஒன்று அங்கே வேறு இடத்தில் இருக்கிறது. கபோயே என்ற பொதுப் பெயரில் அழைக்கப்படும் தோல் வேலை, முடிதிருத்தல் போன்ற தொழில் செய்த பிரிவினரோடும், கொல்லர்களான துமால் பிரிவினரோடும் மற்றவர்கள் திருமண உறவு வைப்பதில்லை. மீறிக் கல்யாணம் செய்தவர்களை வீட்டார் விரட்டுவதும் நடக்கிறது.

முதல் படி: பெயரைப் படிக்கப் பழகுங்கள்

சோமாலியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். முன்னாள் அதிபர் முகமது அப்துல்லாஹி முகமது என்றால் முதல் முகமதுதான் அவர். கடைசிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தாத்தாவைக் கூப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம். இனிஷியலோடு வாழ்ந்து பழகிய நமக்கு இதில் சிரமம் இருக்கக் கூடாது. கல்யாணமான பெண்ணும் தன் அப்பா பெயரையே வைத்துக்கொள்வாள். ஆகவே கணவன் மனைவி பெயர்கள் ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். சம்பளப் பட்டியல், வங்கிப் படிவம், விமானச் சீட்டு எல்லாவற்றிலும் மூன்று பெயரையும் எழுதுங்கள். முகமதுகளும் அப்திகளும் அகமதுகளும் அத்தனை பேர்.

இந்தக் குழப்பத்துக்கு அவர்களே கண்டுபிடித்த தீர்வு பட்டப்பெயர். மேலே சொன்ன அதிபரை உலகம் ஃபர்மாஜோ என்றுதான் அறியும். சீஸ் என்ற பொருள் தரும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த அந்தப் பட்டம் அவர் அப்பா காலத்தது. தெற்கு மாநிலமான ஜுபாலாந்தின் அரசியல் தலைவர் அகமது மதோபே பெயரில் உள்ள மதோபே என்பது நிறத்தைக் குறிப்பது. நெட்டையன், நொண்டி, இடதுகைக்காரன் என்றெல்லாம் பட்டங்கள் வரும். அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. இருந்தாலும் அவரே அந்தப் பெயரில் அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரை நீங்கள் பயன்படுத்த வேண்டாம்.

மூன்று பெயரோடு சங்கிலி முடிவதில்லை. தாத்தாவின் அப்பா, அவருடைய அப்பா என்று குலத்தின் மூதாதை வரை இருபது தலைமுறைகூடச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். இதற்கு அப்திர்சி என்று பெயர். முன்பின் தெரியாத இருவர் சந்தித்தால் எந்தப் பெயரில் இருவருடைய பட்டியலும் ஒன்று சேர்கிறது என்று பார்ப்பார்கள். மூன்றாவது பெயரிலேயே சேர்ந்தால் பங்காளி. பதினைந்தாவது பெயரில் சேர்ந்தால் ஊருக்குள் அந்நியர், வெளிநாட்டில் உறவினர்.

இரண்டாம் படி: நேராகக் கேட்காதீர்கள்

‘நீங்கள் எந்தக் குலம்?’ என்று சக ஊழியரிடம் கேட்பது அநாகரிகம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1943-ல் 13 இளைஞர்கள் மொகதிஷுவில் தொடங்கிய சங்கம்தான் பின்னால் சோமாலி இளைஞர் லீக் ஆனது. அதன் உறுப்பினர்கள் குலத்தை வெளியே சொல்லக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். 1960 சுதந்திரத்துக்குப் பிறகு படித்தவர்களிடையே ‘குலம் என்பது பழங்கதை’ என்று பேசுவது நாகரிகமாயிற்று. ஆனாலும் தெரிந்துகொள்ளாமல் காரியம் ஆகாதே! அதனால் ‘உங்கள் எக்ஸ் எது?’ என்று, முன்னாள் குலத்தை விசாரிப்பதுபோல, ஆங்கிலச் சொல் ஒன்றை இடையில் போட்டுக் கேட்டார்கள்.

1969 அக்டோபரில் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் சியாத் பாரே இன்னும் ஒரு படி மேலே போனார். 1970-களின் தொடக்கத்தில் குலவாதத்தின் கொடும்பாவியைக் கொளுத்தியும் புதைத்தும் விழா எடுத்தார்கள். ‘சித்தப்பா மகனே’ என்று உறவு சொல்லி அழைப்பதை விட்டு ‘ஜால்லே’, அதாவது தோழர் என்று கூப்பிடச் சொன்னார்கள். கொலைக்குக் குலம் சேர்ந்து ஈடு கட்டும் வழக்கத்தையும் தடை செய்தார்கள். பட்டணத்தில் சொந்தமில்லாமல் இறப்பவரின் அடக்கச் செலவை அரசே ஏற்கும் என்றும் அறிவித்தார்கள். இந்தக் கடைசி அறிவிப்பைக் கவனியுங்கள். குலம் என்னென்ன செய்து வந்தது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் அதே ஆட்சியை மக்கள் மூன்றெழுத்துகளில் அழைத்தார்கள்: எம்.ஓ.டி. அவருடைய சொந்தக் குலம் மரேஹான், தாய்வழி ஒகாதேன், மருமகன் வழி டுல்பஹாந்தே. இதை வெளியே சொன்னால் ஜெயில்.

ஆக, சொல்லவும் கூடாது, தெரியாமல் இருக்கவும் கூடாது. புதிதாக வந்தவர் செய்ய வேண்டியது இதுதான். எந்த ஊரில் பிறந்தீர்கள், எந்தப் பள்ளியில் படித்தீர்கள், வறட்சியின்போது குடும்பம் எங்கே போனது என்று சாதாரணமாகப் பேசுங்கள். சொல்ல விரும்புகிறவர் தானே சொல்வார். வேலைக்குக் கட்டாயம் தெரிய வேண்டியிருந்தால், நீண்ட காலம் அங்கே இருக்கும் ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள். பிறகு அதே கேள்வியை வேறொரு பகுதியைச் சேர்ந்தவரிடமும் கேளுங்கள். ஒருவர் சொல்வதை மட்டும் வைத்துக் குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: ஐந்து பெயர்கள், ஆனால் ஐந்து அணிகள் இல்லை

மிகச் சுருக்கமாகப் பார்ப்போம். தாரோத் வடகிழக்கில் புன்ட்லாந்திலும், தெற்கில் ஜுபாலாந்திலும், எத்தியோப்பியாவின் ஒகாதேன் பகுதியிலும், கென்யாவின் கரிஸ்ஸாவிலும் பரவியிருக்கிறது. ஹவியே மொகதிஷுவைச் சுற்றியும் நடு சோமாலியாவிலும். இஸாக் ஹர்கெய்சா, புராவோ, பெர்பெரா என்று, தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்ட வடமேற்குச் சோமாலிலாந்தில். திர் சிதறிக் கிடக்கிறது: ஜிபூட்டி எல்லையில் ஈஸ்ஸா, போரமாவில் கதபூர்ஸி, தெற்கே பியமால். ஐந்தாவது திகில்-மிரிஃப்லே, ரஹன்வெய்ன் என்றும் சொல்வார்கள். ஜுபா, ஷபெல்லே ஆறுகளுக்கு இடையே பைதோவாவை மையமாகக் கொண்டு விவசாயமும் மாடு வளர்ப்புமாக வாழ்பவர்கள். இவர்கள் பேசும் மாய் மொழி மற்ற சோமாலியருக்கு எளிதில் புரியாது. இஸாக்கைத் திர் கிளை என்று சிலர் சொல்வார்கள், இஸாக்குகள் பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த வாதத்தில் நீங்கள் தலையிட வேண்டாம். எந்தக் குலத்தில் எத்தனை பேர் என்பதற்கும் நம்பக்கூடிய கணக்கெடுப்பு கிடையாது. ‘நாங்கள்தான் பெரும்பான்மை’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு டீயைக் குடியுங்கள்.

இந்த ஐந்தையும் ஐந்து கட்சிகள்போல நினைத்துக்கொண்டால்தான் வம்பு. எந்த மட்டத்தில் ஒற்றுமை வேலை செய்யும் என்பதை எதிரே நிற்பவர்தான் தீர்மானிக்கிறார். 1991 ஜனவரியில் மொகதிஷுவிலிருந்து சியாத் பாரேயை விரட்டியது பெரும்பாலும் ஹவியே போராளிகளின் ஐக்கிய சோமாலி காங்கிரஸ். பொது எதிரி போனதும் அதே ஆண்டு நவம்பரில் அந்த அமைப்பு இரண்டாகி மோதிக்கொண்டது. ஒரு பக்கம் அலி மஹ்தி, அப்கால் கிளை. மறுபக்கம் ஜெனரல் ஐதீத், ஹபர் கிதிர் கிளை. இரண்டுமே ஹவியே. நகரத்தின் நடுவே பச்சைக் கோடு போட்டு நான்கு மாதம் சுட்டுக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் ஆயுதம் தாங்கிய குலங்கள் மாறி மாறித் தானியத்தை அள்ளிச் சென்றது திகில்-மிரிஃப்லே விவசாயிகளிடமிருந்து. 1992 பஞ்சத்தில் பைதோவா பிணக்காடானதற்கு மழை பொய்த்தது மட்டும் காரணமில்லை.

எனவே ஒருவர் ஹவியே என்று தெரிந்தால் உங்களுக்குப் பெரிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை. மொகதிஷுவில் அது மிகப் பலருக்குப் பொருந்தும். கேட்க வேண்டியது அடுத்த மட்டம், சில சமயம் அதற்கும் அடுத்தது. அப்படிக் கீழே இறங்கிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் வந்து நிற்பீர்கள். அதுதான் அடுத்த படி.

நான்காம் படி: யார் யாருக்காகக் கட்டுவார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சில நூறு முதல் சில ஆயிரம் ஆண்கள் வரை கொண்ட, ஒரே பாட்டன் வழி வந்த ஒரு குழு. அதில் ஒருவன் யாரையாவது கொன்றுவிட்டால் குழு முழுவதும் சேர்ந்து ஈடு கட்டும். அவர்களில் ஒருவன் கொல்லப்பட்டால் குழு முழுவதும் சேர்ந்து ஈடு வாங்கும். இந்த ஈட்டுக்கு மக் என்று பெயர். வழக்கப்படி ஆணுக்கு 100 ஒட்டகம், பெண்ணுக்கு 50. இன்றைக்குப் பெரும்பாலும் பேரம் பேசிப் பணமாகத் தருகிறார்கள். நெருங்கிய உறவினர் பங்கு அதிகம், மற்றவர்கள் மீதியைப் பகிர்ந்துகொள்வார்கள். காயத்துக்குத் தனிக் கணக்கு, அவமதிப்புக்குத் தனிக் கணக்கு. விபத்தா வேண்டுமென்றே செய்ததா என்பது தொகையைப் பாதிக்கும், ஆனால் பொறுப்பை நீக்காது.

இரு குழுக்களுக்கு இடையே இந்த விகிதங்களையும் மேய்ச்சல், கிணறு, திருமணம் பற்றிய விதிகளையும் முடிவு செய்துவைக்கும் வழக்குச் சட்டம்தான் ஹேர். பெரும்பாலும் எழுத்தில் இருக்காது, பெரியவர்கள் தலையில் இருக்கும். மரத்தடியில் கூட்டம் போட்டு, பழைய தீர்ப்புகளைச் சொல்லி வாதாடுவார்கள். சுல்தான், உகாஸ், கராத் என்று பட்டம் உள்ள தலைவர்கள் உண்டு. ஆனால் உத்தரவிட்டு நிறைவேற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. வயது வந்த ஆண் எவரும் எழுந்து பேசலாம், அலுத்துப்போகும் வரை பேசலாம். பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. சண்டையிலும் தொடக் கூடாதவர்கள் யார் என்று ஹேர் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், மதப் பெரியவர்கள், விருந்தாளிகள், சமாதானம் பேச வந்தவர்கள். 1991-க்குப் பிறகான போரில் இந்தப் பட்டியல் பலமுறை மீறப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் இன்றும் வெட்கத்தோடு பேசுவது அதைப் பற்றித்தான்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்கள் அலுவலக வண்டி ஒருவரை மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போலீஸ் வரும், காப்பீட்டுக் காகிதம் இருக்கும், ஷரியா தெரிந்த ஒருவரும் கருத்துச் சொல்வார். ஆனால் மறுநாள் உங்கள் வாசலுக்கு அடிபட்டவரின் குலப் பெரியவர்கள் வந்து நிற்பார்கள். அவர்களுக்கு வேண்டியது பதில் சொல்ல ஓர் ஆள். முதலில் ஓட்டுநரின் தரப்புப் பெரியவர்களுக்குத் தகவல் போக வேண்டும். பேச வேண்டியது அவர்கள். பயத்தில் நீங்களே ஒரு தொகையைச் சொல்லிவிடாதீர்கள், பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். ‘இது சட்ட விஷயம், நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்’ என்று கதவைச் சாத்தவும் சாத்தாதீர்கள். மருத்துவமனைக்கோ துக்க வீட்டுக்கோ போய் நிற்பது அவசியம். யாரோடு போவது, எப்போது போவது என்பதை உள்ளூர் ஊழியர்கள் சொல்வார்கள். ஓட்டுநர் உங்கள் சம்பளத்தில் இருக்கிறார் என்பதால் நிறுவனமும் ஒரு பங்கு தர வேண்டும் என்று இரு தரப்புமே எதிர்பார்க்கும். அந்தச் செலவுக்கு என்ன செய்வது என்று தலைமை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவைத்திருப்பது நல்லது. விபத்து நடந்த இரவில் மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருந்தால் காரியம் கெடும்.

ஐந்தாம் படி: வீடு, வண்டி, காவலாளி

வெளிநாட்டுக்காரருக்குக் குலம் இல்லை என்று நினைப்பீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே உங்களுக்கு ஒன்று வந்துவிடுகிறது. இது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. பழைய வணிகக் காலத்தில் கடற்கரையில் இறங்கும் வெளியூர் வியாபாரி எவரும் ஓர் அப்பான் இல்லாமல் உள்ளே போக முடியாது. அப்பான் என்பவர் உள்ளூர்க் குலத்தைச் சேர்ந்த புரவலர். தரகு, மொழிபெயர்ப்பு, பாதுகாப்பு மூன்றும் அவர் பொறுப்பு. வியாபாரியைத் தொட்டால் அப்பானின் குலத்தைத் தொட்டதாகும். 1854-ல் எத்தியோப்பியாவின் ஹரார் நகரத்துக்குப் புறப்பட்ட ஆங்கிலேயப் பயணி ரிச்சர்ட் பர்ட்டனும் இப்படித்தான் போனார். இன்று வீட்டு உரிமையாளரும் வண்டி வாடகைக்கு விடுபவரும் பாதுகாப்பு ஒப்பந்தக்காரரும் அந்த வேலையைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

ஆகவே அந்த மூவரும் ஒரே கிளையாக இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரே கிளை என்றால் வசதி உண்டு, ஒருவரே பதில் சொல்வார். ஆனால் ஊர் உங்களை அவர்களுடைய ஆள் என்று முத்திரை குத்திவிடும். அப்புறம் அவர்களோடு பிணக்கு வந்தால் உங்களுக்காகப் பேச யாரும் மிஞ்ச மாட்டார்கள். மூவரும் மூன்று கிளை என்றால் முத்திரை விழாது, ஆனால் ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் மூன்று பக்கப் பேச்சு. என்னைக் கேட்டால் இரண்டாவது தொல்லையே மேல். வீடும் காவலும் அந்தப் பேட்டையில் செல்வாக்குள்ள கிளையிடமும், வண்டியும் பொருள் கொள்முதலும் மற்றவர்களிடமும் இருப்பது பரவலாகக் காணும் ஏற்பாடு.

ஆள் எடுக்கும்போது கவனம் இன்னும் தேவை. மனிதவளப் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஓராண்டு கழித்துப் பார்த்தால் அலுவலகம் பாதி அவருடைய சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளாக இருக்கலாம். அவரைத் திட்டுவதற்கு முன் யோசியுங்கள். அவர் படிப்புக்குப் பணம் தந்தவர்கள் அவர்கள், நாளை அவருக்காக மக் கட்டப்போகிறவர்களும் அவர்களே. வேலை கொடுக்காமல் எப்படி முகத்தில் முழிப்பார்? அந்தச் சங்கடத்தை அவர் தலையில் கட்டாமல் இருப்பது உங்கள் வேலை. நேர்காணல் குழுவில் வெவ்வேறு கிளையைச் சேர்ந்தவர்களையும் வெளியூர்க்காரர் ஒருவரையும் போடுங்கள். மதிப்பெண்ணை எழுதி வையுங்கள். ‘முடிவு என் கையில் இல்லை’ என்று அவர் வீட்டில் சொல்லிக்கொள்ள அது ஒரு வழி. வேலையை விட்டு நீக்கும்போதும் காரணத்தைக் காகிதத்தில் தெளிவாக வைத்திருங்கள். நீக்கப்பட்டவருக்காகப் பெரியவர்கள் வந்தால் அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

ஊருக்கு வெளியே பயணம் என்றால் எந்த இடத்தில் எந்தக் குலத்தின் எல்லை முடிகிறது என்று ஓட்டுநருக்குத் தெரியும். அவர் ‘இதற்கு மேல் வேறு ஆள் ஓட்டட்டும்’ என்றால் வாதாட வேண்டாம். கல்கயோ நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வடபாதி புன்ட்லாந்து நிர்வாகத்தில், தென்பாதி கல்முதுக் நிர்வாகத்தில். உதவி அமைப்புகள் வடக்கே ஓர் அலுவலகம், தெற்கே ஓர் அலுவலகம் என்று இரண்டு வைத்துக்கொள்வது அதனால்தான்.

இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒருமுறையாவது யாராவது உங்கள் ஊழியரிடம் காரான் கேட்பார்கள். அறுவை சிகிச்சை, மக் பாக்கி, வறட்சியில் ஆடு மாடு செத்துப்போனது, தேர்தலில் நிற்கும் உறவினர் என்று எதற்காகவும் குலத்துக்குள் வசூலிக்கும் பணம் அது. முன்பு நேரில் வந்து கேட்டார்கள், இப்போது வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் ஓடுகிறது. மினியாபொலிஸிலோ லண்டனிலோ இருக்கும் உறவினரும் கட்டுவார், பணம் மொபைலிலேயே போய்ச் சேரும். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். இருபதாம் தேதியே சம்பள முன்பணம் கேட்கும் ஊழியரை ஊதாரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஆறாம் படி: 4.5 என்ற கணக்கை வைத்து அரசியல் செய்தியைப் படியுங்கள்

சோமாலியா சுதந்திரமடைந்த முதல் ஒன்பது ஆண்டுகள் தேர்தல் ஜனநாயகமாக இருந்தது. 1969 மார்ச் தேர்தலில் 123 இடங்களுக்கு 60-க்கும் மேற்பட்ட கட்சிகள் போட்டியிட்டன. அவற்றில் பல ஒரு கிளைக்கு ஒரு கட்சி என்ற கணக்கில் முளைத்தவை. மற்ற கட்சிகளில் வென்றவர்கள் ஏறக்குறைய எல்லோரும் விரைவிலேயே ஆளும் கட்சிக்குத் தாவினார்கள். அக்டோபர் 15-ல் அதிபர் ஷெர்மார்க்கே லாஸ் அனோத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார், ஆறே நாளில் ராணுவ ஆட்சி. அதன் பிறகு நடந்ததைப் பார்த்தால் குலம் எப்படி ஆயுதமானது என்று புரியும். 1978-ல் தோற்றுப்போன ஒரு சதிக்குப் பழிவாங்க தாரோத்தின் ஒரு கிளையான மஜேர்தேன் பகுதிகளின் நீர்த்தேக்கங்கள் அழிக்கப்பட்டன. 1988-ல் இஸாக்குகளின் ஹர்கெய்சா மீது அந்த ஊர் விமான நிலையத்திலிருந்தே கிளம்பிய விமானங்கள் குண்டு போட்டன. ஒருவன் செய்ததற்கு அவன் குலம் முழுவதும் ஈடு கட்ட வேண்டும் என்ற பழைய விதியை, அரசு தன் விமானப் படையோடு கையில் எடுத்துக்கொண்ட கதை இது.

பாரே வீழ்ந்த பின் பத்தாண்டு அரசே இல்லை. 2000-ல் ஜிபூட்டியின் ஆர்தா என்ற சிற்றூரில் மாதக்கணக்கில் நடந்த மாநாட்டில்தான் 4.5 என்ற பங்கீடு நடைமுறைக்கு வந்தது. தாரோத், ஹவியே, திர், திகில்-மிரிஃப்லே நான்குக்கும் சம பங்கு, மற்ற எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு. இஸாக் இடங்கள் திர் பங்குக்குள் அடக்கம். 2004-ல் உருவான 275 பேர் நாடாளுமன்றத்தில் கணக்குச் சுத்தமாகத் தெரியும்: நான்கு குலங்களுக்கும் தலா 61, மிச்சம் 31.

2012-ல் 135 பெரியவர்கள் உட்கார்ந்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2016-ல் ஓர் இடத்துக்கு 51 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள், மொத்தம் 14,025 பேர். அடுத்த முறை 101 ஆக உயர்த்தினார்கள். வாக்காளர் இத்தனை குறைவாக இருந்தால் ஒவ்வொரு வாக்குக்கும் விலை உண்டு என்பதை விளக்கத் தேவையில்லை. பிறகு இரு அவைகளும் கூடி அதிபரைத் தேர்ந்தெடுக்கும். 2017-லும் 2022-லும் பாதுகாப்புக் காரணமாக மொகதிஷு விமான நிலைய வளாகத்துக்குள் வைத்தே நடத்தினார்கள்.

செய்தி படிக்கும்போது கவனிக்க வேண்டியது இது. அதிபர் ஹவியே என்றால் பிரதமர் தாரோத், அதிபர் தாரோத் என்றால் பிரதமர் ஹவியே. கீழவைத் தலைவர் திகில்-மிரிஃப்லே. எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை, ஆனால் மீற முடியாது. ஹவியேவைச் சேர்ந்த ஹசன் ஷேக் மொஹமூத் அதிபராக இருந்த முதல் ஆட்சிக் காலத்தில் பிரதமரை இரண்டு தடவை மாற்றினார், மூவரும் தாரோத். ஃபர்மாஜோ வந்தபோது பிரதமர் ஹவியே. ஆகவே ‘பிரதமர் நீக்கம்’ என்று தலைப்பு வந்தால் புதியவர் எந்தக் குலம் என்று தேட வேண்டாம், அது ஏற்கெனவே தெரிந்ததே. எந்தக் கிளை என்று பாருங்கள், கதை அங்கே இருக்கும். அமைச்சர் பதவி, தூதர் பதவி, ஒரு தொகுதி எந்தக் கிளைக்கு என்பது எல்லாமே இந்த இரண்டாம் மட்டத்துப் பேரம்.

இந்தக் கணக்கைத் திட்டாத சோமாலியரை நீங்கள் பார்ப்பது கடினம். தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கியது கால் நூற்றாண்டாக நடக்கிறது. ‘அரை’ என்று எண்ணப்படுகிறவர்களுக்கு அது தினசரி அவமானம். ஆற்றங்கரை விவசாயிகளான பாண்டு மக்கள், மொகதிஷு, மெர்கா, பிராவாவின் பழைய வணிகக் குடும்பங்களான பெனாதிரிகள், கிஸ்மாயோவை ஒட்டிய தீவுகளில் மீன்பிடிக்கும் பஜூனிகள், முன்பு சொன்ன தொழில் பிரிவினர் எல்லோரும் அந்த அரைக்குள் அடைபட்டவர்கள். ஆயுதம் வைத்திருந்த குலங்கள் ஒன்றையொன்று சமமாக ஏற்றுக்கொண்டதன் பதிவுதான் 4.5. துப்பாக்கி இல்லாதவருக்கு அரை.

பெண்கள் நிலை வேறு மாதிரிச் சிக்கல். ஒருத்தி அப்பா குலம், அவள் பிள்ளைகள் கணவர் குலம். சண்டை வந்தால் இரு பக்கமும் அவளுக்கு இழப்பு, சமாதானத் தூதும் அவள்தான் போவாள். ஆனால் நாற்காலி என்று வரும்போது ‘அவள் எந்தப் பக்கம்?’ என்று கேட்டு யாருமே தருவதில்லை. ஆர்தாவில் பெண்கள் உரிமைக்காகப் பேசிய ஆஷா ஹாஜி எல்மியும் அவரோடு இருந்தவர்களும் ‘அப்படியானால் நாங்கள் ஆறாவது குலம்’ என்று அறிவித்துத் தனியாகப் பங்கு கேட்டார்கள். 245 இடங்களில் 25 கிடைத்தது. பின்னால் 30 சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள். 2016-ல் ஏறத்தாழ 24 சதவீதம் வரை வந்து, அடுத்த தேர்தலில் மறுபடி இறங்கியது.

ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற முறைக்குத் திரும்ப 2024 மார்ச்சில் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. புன்ட்லாந்து உடனே ஏற்க மறுத்தது. இந்தச் சண்டை தொடரும் வரை 4.5-ஐ மறந்துவிட வேண்டாம்.

ஏழாம் படி: எல்லாவற்றுக்கும் குலத்தைக் காரணம் சொல்லாதீர்கள்

இவ்வளவும் தெரிந்த பிறகு வரும் வியாதி ஒன்று உண்டு. எதைப் பார்த்தாலும் குலமாகவே தெரியும். 2017-ல் தாரோத்தான ஃபர்மாஜோ வென்றபோது ஹவியே நகரமான மொகதிஷு தெருவில் இறங்கிக் கொண்டாடியது. 2021 ஏப்ரலில் அவர் பதவிக் காலத்தை நீட்டிக்கப் பார்த்தபோது அதே நகரத்தில் ராணுவப் பிரிவுகள் குலவாரியாகப் பிரிந்து துப்பாக்கி தூக்கின. குலம் மாறவில்லை, மனிதர்களின் கணக்குதான் மாறியது.

அரசோடு போரிடும் இஸ்லாமிய ஆயுதக் குழுவான அல்-ஷபாப் தன்னைக் குலத்துக்கு அப்பாற்பட்டதாகச் சொல்லிக்கொள்கிறது, ஒதுக்கப்பட்ட சிறுபான்மையினரிடம் அந்தப் பேச்சு எடுபடவும் செய்கிறது. வரி வசூலுக்கும் ஆள் கேட்கவும் அதுவும் குலப் பெரியவர்களிடம்தான் போகிறது. 2022-ல் ஹீரான் பகுதியில் ஹவாத்லே குலத்தவர் அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். கைலி கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்ததால் அவர்களுக்கு மாவிஸ்லே என்று பெயர்.

சோமாலிலாந்தைப் பார்த்தால் இன்னொரு பக்கம் தெரியும். 1993-ல் போரமாவில் பல மாதம் பேசி, பெரியவர்களையே 82 பேர் கொண்ட கூர்தி என்ற மேலவையாக்கினார்கள். குலத்துக்கொரு கட்சி முளைக்காமலிருக்க மூன்று கட்சிக்கு மேல் கூடாது என்று வைத்தார்கள். 2003 அதிபர் தேர்தலில், இஸாக்குகள் பெரும்பான்மையான அந்த மண்ணில், கதபூர்ஸியான தாஹிர் ரியாலே காஹின் வென்றார். முதலில் அறிவித்த வித்தியாசம் வெறும் 80 வாக்கு. தோற்ற இஸாக் வேட்பாளர் சிலான்யோ முறையிட்டுப் பார்த்தார், பிறகு விட்டுக்கொடுத்தார். 2010-ல் அவர் முறை வந்தது.

உள்ளூர்க்காரர் ஒருவர் ஒரு சண்டைக்குக் குலப் பெயர்களைச் சொல்லி விளக்கினால் கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்: கிணறு யாருடையது, நிலப் பட்டா யாரிடம், சுங்க வரி யார் கைக்குப் போகிறது? 1992-ல் பெர்பெராவில் இஸாக்கின் கிளைகளே ஒன்றையொன்று சுட்டன. குல மரத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதற்குக் காரணம் கிடைக்காது. துறைமுக வருவாய் யாருக்கு என்பதே தகராறு. ஷேக் என்ற மலையூரில் கூடிப் பேசிய பெரியவர்கள், துறைமுகம் எந்தக் கிளைக்கும் சொந்தமில்லை, பொதுச் சொத்து என்று முடிவு செய்தார்கள்.